சீலிங்காரரின் வலது தோள்

பெயிண்டர்கள் நடுவில் அவருக்குச் சீலிங்காரர் என்றுதான் பேர். முப்பது வருஷமாக அண்ணாந்து பார்த்தே பிழைத்தவர். கண்ணெதிரே நிற்கிற சுவரை எந்தத் தற்குறியும் அடித்துவிடலாம், தலைக்கு மேல் கிடப்பதை அடிக்கத்தான் ஆள் வேண்டும் என்பது அவர் கட்சி. வாசல் கேட்டுக்கும் ஜன்னல் கிரில்லுக்கும் பிரஷ் பிடிக்கிறவனை அவர் பெயிண்டர் கணக்கிலேயே சேர்த்ததில்லை. அப்படிப்பட்டவர், ஐம்பத்திரண்டாவது வயதில், ஒரு வீட்டு வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கேட்டுக்குக் கறுப்பு அடித்துக்கொண்டிருந்தார். இடது கையால். வலது கை நெஞ்சு உயரத்துக்கு மேல் போக மறுத்துவிட்டது.

விழவில்லை, அடிபடவில்லை. ஒருநாள் சட்டையைக் கழற்றும்போது தோளுக்குள் சுரீர் என்றது. அதோடு சரி, பிடித்துக்கொண்டது. கொடியில் துண்டு போட முடியவில்லை. முதுகு சொறிய முடியவில்லை. இடது கையால் தலை வாரினால் வகிடு கோணல்மாணலாக ஓடியது. கண்ணாடியில் அந்த மூஞ்சியைப் பார்க்க அவருக்கே சகிக்கவில்லை.

நரம்பைத் தட்டி எடுக்கிறேன் என்று சொன்ன ஒருத்தனிடம் முதலில் போனார். அந்த ஆள் இவரைத் தரையில் படுக்கவைத்து, செருப்பைக் கழற்றிவிட்டு, கழுவாத குதிகாலை அக்குளுக்குள் முட்டுக்கொடுத்து, கையைப் பிடித்து இழுத்தான். வலியில் கண் இருட்டியது ஒரு பக்கம். அந்தக் குதிகாலின் பிசுபிசுப்பு அக்குளில் ஒட்டிக்கொண்டது இன்னொரு பக்கம். வீட்டுக்கு வந்து மூன்று தடவை சோப்புப் போட்டும் அந்தக் கால் அங்கேயே இருப்பது போலத்தான் இருந்தது.

அதற்கப்புறம் கையை அசைக்கவே கூடாது என்று அவராகவே முடிவு கட்டினார். ஒரு துணியைக் கழுத்தில் மாட்டி, கையை அதற்குள் தொங்கப் போட்டு நான்கு மாதம் வைத்திருந்தார். ஓய்வு கொடுத்தால் சரியாகிவிடும் என்று யார் சொன்னார்கள்? யாரும் சொல்லவில்லை. அவருக்கு அவரே வைத்தியர். நான்கு மாதத்தில் கை மரக்கட்டை ஆனது. தூக்க முடியாத அக்குளுக்குள் காற்றும் போகவில்லை, தண்ணீரும் போகவில்லை. ஊறிப்போய் ஒரு புளித்த வாடை. பெண்டாட்டி ஈரத்துணியை விரலில் சுற்றிக்கொண்டு, இடுக்கில் விட்டுத் துடைப்பாள்.

"மூஞ்சியை எதுக்கு அந்தப் பக்கம் திருப்பிக்கிறீங்க? நாத்தம் எனக்குத்தானே வருது" என்பாள்.

"எனக்கும் மூக்கு இருக்குடி."

"இருந்தா ஆஸ்பத்திரிக்குப் போங்க. கையைத் தொட்டில்ல போட்டுத் தாலாட்டுனா அது வளரவா போகுது?"

போகவில்லை. போகவைத்தது மச்சினன். பெண்டாட்டியின் தம்பி, இவரிடம் பிரஷ் பிடிக்கக் கற்று இன்று பன்னிரண்டு ஆளை வைத்து வேலை வாங்குகிறவன். ஒரு சாயங்காலம் வந்து நின்றபடியே சொன்னான்.

"புதுசா நூலகம் கட்டுறாங்க மாமா. வாசிக்கிற கூடம் மட்டும் தொண்ணூறு அடி நீளம். சீலிங்கு தனி வேலை. மூணரை மாசத்துல ஏறணும். நீ ஏறுவியா, இல்ல நான் வேற ஆளைப் பாக்கவா?"

"வேற எவன் இருக்கான்?"

"இருக்கான். அதான் உன்கிட்ட முதல்ல கேக்குறேன். ஏறலைன்னாலும் கவலைப்படாத மாமா, கேட்டு கிரில்லு எல்லாம் உனக்குத்தான். சாகுற வரைக்கும் தர்றேன்."

திமிராகப் பேசியிருந்தால் திருப்பிக் கொடுத்திருக்கலாம். பையன் பரிதாபப்பட்டுப் பேசினான். சீலிங்காரருக்கு அதுதான் வாயில் கசந்தது. சாகிற வரைக்கும் கேட்டும் கிரில்லுமாம்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனார். டாக்டர் இரண்டு நிமிஷம் கையைத் திருப்பிப் பார்த்தார், சர்க்கரை எத்தனை வருஷமாக இருக்கிறது என்று கேட்டார், தோள் இறுகிப்போயிருக்கிறது, சர்க்கரைக்காரர்களுக்கு இது கொஞ்சம் அதிகமாகவே வரும் என்றார். மருந்து கம்மி, பிசியோதெரபிதான் அதிகம் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்.

பிசியோதெரபி நடந்தது ஒரு மாடி அறையில். உள்ளே கால் வைத்ததும் அவர் மூக்கைப் பிடித்துக்கொண்டார். வலிக்களிம்பு, ஈரமான சூட்டுப்பை, வியர்வை, யாரோ கொண்டுவந்த எண்ணெய், எல்லாம் ஒன்றாகக் கலந்து மூக்கில் ஏறியது. தலையணை உறையின் நடுவில் நூறு தலை படுத்த வட்டம். பக்கத்துக் கட்டிலில் ஒரு ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் முழங்காலுக்குக் கரண்ட் வைத்துப் படுத்திருந்தார். அவருடைய வெடித்த பாதம் இவர் முகத்துக்கு நேராக. அவர் காலிலிருந்து பிய்த்த பிசுபிசுத்த பட்டையைத் துடைத்து அடுத்த ஆளுக்கு ஒட்டினார்கள். சீலிங்காரர் சட்டைப் பொத்தானைக் கழற்றாமல் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

எல்லாவற்றையும்விட மோசம் அந்தச் சுவர். வெள்ளை டிஸ்டெம்பர் என்று ஒருகாலத்தில் சொல்லியிருக்கலாம். நடுவில் ஒரு முழ அகலத்துக்கு, இடுப்பிலிருந்து தலைக்கு மேல் வரை, கறுத்த எண்ணெய்ப் பட்டை. கை விளங்காதவர்கள் எல்லாரும் விரலால் நடந்து ஏறுகிற இடம் அது. வியர்வை, களிம்பு, நகத்து அழுக்கு. அதன்மேல் பொடிப் பொடியாகப் பென்சில் கோடுகள், பக்கத்தில் தேதிகள்.

பிசியோ அம்மாவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். கை மட்டும் கொல்லன் கை. இவருடைய முழங்கையை இடுப்போடு ஒட்டிவைத்து, முன்னங்கையை வெளியே திருப்பிப் பார்த்தார். கதவு பூட்டியிருப்பது போல நின்றது.

"மூட்டைச் சுத்தி ஒரு பை மாதிரி இருக்கும்ணே. அது சுருங்கி ஒட்டிக்கிச்சு. நீங்க நாலு மாசம் கட்டிப்போட்டது இன்னும் கெட்டியாக்கிடுச்சு."

"பெயிண்டோட காயவிட்ட பிரஷ் மாதிரியா?"

"அதை என்ன பண்ணுவீங்க?"

"ஊறவெச்சு, கொஞ்சம் கொஞ்சமா வளைச்சு எடுக்கணும். வெடுக்குன்னு வளைச்சா மயிரெல்லாம் கொட்டிடும்."

"அதேதான். ஒருத்தர் அக்குள்ல கால் வெச்சு இழுத்தாருன்னு சொன்னீங்களே, அவரு பிரஷ்ஷை உடைக்கப் பாத்திருக்காரு. வாங்க, சுவத்துக்கிட்ட நில்லுங்க."

"இதுலயா வெரலை வைக்கணும்?"

"ஆமா."

"மேடம், நான் பெயிண்டர். பொதுக் கழிப்பறைச் சுவருகூட இதைவிடச் சுத்தமா இருக்கும்."

"அங்க போயி ஏறுனாலும் சரிதான். தோளுக்கு எந்தச் சுவருன்னு தெரியாது."

படுத்திருந்த டிரைவர் சிரித்தார். சீலிங்காரர் கைக்குட்டையை எடுத்து இரண்டு விரலுக்கும் சுற்றிக்கொண்டு, சுவரில் நடந்தார். நெஞ்சுக்கு வந்ததும் நின்றது. அவர் விடவில்லை, குதிகாலைத் தூக்கினார், உடம்பைச் சாய்த்தார், தோளைக் காது வரைக்கும் ஏற்றினார். விரல் கழுத்து உயரத்துக்குப் போய்விட்டது.

"காதுக்கும் தோளுக்கும் என்ன ரகசியப் பேச்சு?" என்றார் பிசியோ அம்மா. "எறக்குங்க. உடம்பை ஏமாத்தி மேல போறதுக்கு நான் எதுக்கு?"

தோளைக் கீழே அழுத்திப் பிடித்துக்கொண்டு மறுபடி ஏறச் சொன்னார். விரல் முதலில் நின்ற இடத்துக்கும் இரண்டு விரல் கீழே நின்றது. அங்கே பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதினார். அந்த அழுக்கில், முலைக்காம்பு உயரத்தில், முப்பது வருஷத்துச் சீலிங்காரரின் கோடு. அவருக்குத் தன் மேலேயே எச்சில் துப்பத் தோன்றியது.

வீட்டில் செய்யச் சொன்னது நான்கு. குனிந்து நின்று கையைத் தொங்கவிட்டு ஆட்டுவது, கம்பைப் பிடித்து வெளியே தள்ளுவது, துண்டை முதுகுக்குப் பின்னால் பிடித்து இழுப்பது, சுவர் ஏறுவது. தினமும் மூன்று வேளை, வேளைக்குப் பத்து நிமிஷம். சீலிங்காரர் ஒரு வேளையிலேயே ஒரு மணி நேரம் செய்தார். சீக்கிரம் ஏற வேண்டுமே. மூன்றாம் நாள் தோள் நெருப்பாக எரிந்து, டம்ளர்கூடப் பிடிக்க முடியவில்லை.

"செய்யும்போது இழுத்துப் பிடிக்கும், அது பரவாயில்ல" என்றார் பிசியோ அம்மா. "முடிச்ச அரை மணி நேரத்துல வலி பழைய எடத்துக்கு எறங்கணும். மறுநாளும் வலிச்சா நீங்க அளவு மீறிட்டீங்கன்னு அர்த்தம். வலியைக் கண்டு ஓடுறதும் தப்பு, அதுகூட மல்லுக்கு நிக்கிறதும் தப்பு. அதை வெச்சு அளந்து பாருங்க."

ஆறு வாரம் போனது. கோடு ஒவ்வொன்றாகத் தாடை வரைக்கும் வந்தது. வாடை பழகும் என்றார்கள், பழகவில்லை. கைக்குட்டை இல்லாமல் அந்தச் சுவரை அவர் தொட்டதே இல்லை. ஒவ்வொரு தடவையும் வீட்டுக்குப் போய் அந்தக் கைக்குட்டையைத் தனியாக வெந்நீரில் போட்டார். பெண்டாட்டி தலையில் அடித்துக்கொண்டாள்.

ஏழாவது வாரம்தான் அந்தக் காரியத்தைச் செய்தார். அறை பூட்டியிருக்கும் விடுமுறை நாள். காவலாளியிடம் பேசிச் சாவி வாங்கினார். உப்புத்தாள், பட்டி, பிரைமர், இரண்டு கோட் எமல்ஷன். எல்லாம் அவர் சொந்தச் செலவு. இடது கையால்தான் பெரும்பாலும். எண்ணெய்க் கறையைச் சோடாவால் கழுவும்போது வழிந்த தண்ணீர் சாக்கடை நிறத்தில் இருந்தது. ஆறு வாரமாக இதன்மேலா விரல் வைத்தேன் என்று அவருக்கு உடம்பு கூசியது. மதியத்துக்கு மேல் சுவர் பால் மாதிரி நின்றது. இந்த அறையில் பார்க்கக்கூடிய ஒரே பொருள் இதுதான் என்று நினைத்துக்கொண்டு கதவைப் பூட்டினார்.

மறுநாள் காலையில் வந்தார். சுவருக்கு முன்னால் தையல்காரம்மா நின்றிருந்தார். அறுபது வயது. பஸ்ஸிலிருந்து விழுந்து மேல்கை எலும்பு உடைந்து, கட்டுப் பிரித்தபின் ஆறு மாதமாக வருகிறவர். அங்கே யாருக்கும் இல்லாத அளவுக்கு அவருக்குக் கோடுகள் இருந்தன. இருந்தன.

"யாரு தம்பி பண்ணது, நீயா?"

"ஆமாக்கா. எப்படி இருக்கு?"

"என் கோடெல்லாம் எங்க?"

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அழுக்கைப் பார்த்தார், அழுக்குக்கு மேல் எழுதியிருந்ததைப் பார்க்கவே இல்லை. தன் கோட்டைக்கூட அடித்து மூடியிருக்கிறார்.

"இடுப்புல ஆரம்பிச்சேன் தம்பி. தினமும் வந்து முதல்ல அந்தக் கோட்டைத்தான் பாப்பேன். வலி தாங்காம இனிமே வர வேணாம்னு நெனைப்பேன், அதைப் பாத்துட்டு அப்புறம் கட்டில்ல படுப்பேன். ஆறு மாசத்தை ஒரே நாள்ல சுண்ணாம்பு அடிச்சிட்டியே."

சுண்ணாம்பு இல்லை எமல்ஷன் என்று சொல்ல வாய் வந்தது. அடக்கிக்கொண்டார்.

பிசியோ அம்மா சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல அண்ணே."

"அழுக்கா இருந்துச்சு மேடம்."

"அழுக்குதான். யாரு இல்லேன்னா? அளவெல்லாம் என் நோட்டுல இருக்கு. ஆனா நோட்டைப் பாத்து யாரும் கையைத் தூக்க மாட்டாங்க."

டிரைவர் கட்டிலில் இருந்தபடியே, "நல்லவேளை, என் முட்டியில அடிக்காம விட்டாரு" என்றார். யாரும் சிரிக்கவில்லை. தன்னைக் கண்டால் தனக்கே அருவருப்பாக இருந்தது சீலிங்காரருக்கு. அடுத்தவன் வியர்வையைப் பார்த்து மூக்கைப் பிடித்த மனுஷன், அந்த வியர்வை எப்படி வந்தது என்று யோசிக்கவில்லை.

அன்றைக்குச் சிகிச்சைக்குக் கட்டிலில் படுக்கவில்லை. கீழே போய் வேலைப் பையிலிருந்து நீலப்பொடியும் நூலும் ரசமட்டமும் எடுத்து வந்தார். சுவரில் ஒரு விரல்கடைக்கு ஒரு கோடு, இடுப்பிலிருந்து எட்டுகிற உயரம் வரை, வரிசையாகப் பொடி தடவிய நூலைச் சுண்டி அடித்துவிடுவது என்று திட்டம். அப்புறம் பிசியோ அம்மாவின் நோட்டை வைத்து அவரவர் கோட்டைத் திரும்பப் போட்டுவிடலாம். நூலின் ஒரு முனையைத் தையல்காரம்மா பிடித்தார்.

"மட்டமா பிடி அக்கா. எறங்குது பாரு."

"நாப்பது வருஷம் துணிக்கு மார்க் போட்டவ நான். எனக்கு நீ மட்டம் சொல்றியா? உன் பக்கம்தான் கோணல்."

"என் பக்கமா? என் கையில கோணலே வராது."

"தலைவகிட்டைப் பாத்தாலே தெரியுது."

டிரைவர் இந்தத் தடவை சிரித்தார். சீலிங்காரர் கோபத்தில் நூலை இழுத்துப் பிடித்து, ரசமட்டத்தை வைத்து, சுண்டிவிட்டார். நீலக்கோடு சுத்தமாக விழுந்தது. அடுத்தது. அதற்கடுத்தது. கோணல் தையல்காரம்மா பக்கம்தான் என்று நிரூபிப்பதிலேயே இருந்தார்.

"அண்ணே, அப்படியே இருங்க" என்று பின்னாலிருந்து பிசியோ அம்மாவின் குரல். "கையை எறக்காதீங்க."

பார்த்தார். நூலைப் பிடித்திருந்தது வலது கை. நெற்றிக்கு மேலே.

பிசியோ அம்மா அளவுகோலை வைத்துப் பார்த்தார். தோள் காதுக்கு ஏறவில்லை, குதிகால் தரையில் இருந்தது. போன வாரத்துத் தாடைக் கோட்டிலிருந்து எட்டு விரல் மேலே. "ரெண்டு வாரமாவே இது வந்திருக்கும். பயத்துல இறுக்கிப் பிடிச்சு நீங்கதான் விடல" என்றார்.

"வலிக்குது மேடம்."

"இப்பதானே வலிக்குது? நான் சொன்னதுக்கு அப்புறம்தானே?"

 கையை இறக்கினார். கையில் அந்த நீலப்பொடி. தையல்காரம்மாவின் கோட்டைப் போடும்போது, நோட்டில் இருந்ததைவிட இரண்டு விரல் மேலே போடச் சொன்னார் அந்த அம்மா. அங்கேதான் இருந்ததாம். சீலிங்காரர் நம்பவில்லை. ஆனாலும் போட்டார்.

பதினான்காவது வாரம் முடிந்தபோது கை முக்கால்வாசி மேலே போனது. மேல்கை காதை உரச இன்னும் ஒரு கையகலம் பாக்கி. முதுகுப் பக்கம் இடுப்போடு நின்றது. மீதி வர இன்னும் மாதக்கணக்காகும், ஆனால் வரும் என்றார் பிசியோ அம்மா. நூலகம் அதற்குக் காத்திருக்காது. அடுத்த நாள் காலை ஏற வேண்டும்.

"எப்படி நின்னு அடிப்பீங்க, காட்டுங்க" என்று துடைப்பத்தைக் கையில் கொடுத்தார்.

சாரத்தில் நிற்கிற மாதிரி நின்று, கையை முழுக்க நீட்டி, உருளையை மேலே தள்ளுகிற தோரணையைக் காட்டினார். நான்கு தள்ளுக்கே தோள் நடுங்கியது.

"சாரத்தை ஒரு அடி, ஒன்றரை அடி ஏத்துங்க. சீலிங்கு உங்க முகத்துக்குக் கிட்ட வரட்டும். முழங்கை தோளுக்குக் கீழ இருக்கணும். பத்து நிமிஷம் வேலை, ரெண்டு நிமிஷம் கையைத் தொங்கவிட்டு ஆட்டணும்."

"மூக்கை ஒட்டிக்கிட்டு எவனும் சீலிங்கு அடிக்க மாட்டான் மேடம்."

"சரி. வாசல் கேட்டே அடிங்க."

சீலிங்காரர் வணக்கம் சொல்லாமல் வந்துவிட்டார். சீலிங்கு அடிக்க இவளிடமா படிக்க வேண்டும் என்று வழி முழுக்க முணுமுணுத்தார். வீட்டிலும் முணுமுணுத்தார். பெண்டாட்டி கேட்டுவிட்டு, "அவங்க சொன்னது சரிதானே" என்றாள். அவளோடும் பேசவில்லை.

காலையில் கூடத்துக்குள் போனபோது பன்னிரண்டு ஆளும் அவர் தோளைத்தான் பார்த்தார்கள். மச்சினன் சாரத்தை எப்போதும் போல நிறுத்தியிருந்தான். சீலிங்காரர் ஏறினார். பழைய தோரணையில் கையை நீட்டி, உருளையை வைத்து ஒரு இழுப்பு இழுத்தார். இரண்டாவதில் பல்லைக் கடித்தார். மூன்றாவதில் தோள் காதுக்கு ஏறிவிட்டது. கோடு இழுபட்டுப் போய், நடுவில் திட்டாகத் தெரிந்தது. அவர் அடித்த சீலிங்கில் திட்டு.  கீழே ஒருத்தன் பார்க்காத மாதிரி வாளியைக் கலக்கினான். 

"மாப்ள" என்றார் மேலிருந்து. "சாரத்தை ஒன்றரை அடி ஏத்து."

"என்ன மாமா, சீலிங்குக்கு முத்தம் குடுக்கப் போறியா?"

"ஏத்துடா."

ஏற்றினார்கள். நிமிர்ந்து நிற்க இடமில்லை. காலை அகட்டி, முட்டியை மடக்கி, அசிங்கமான ஒரு அரைக்குந்தல். மூக்குக்கு ஒரு முழம் மேலே சீலிங்கு. முழங்கையைத் தாழ்த்தி உருளையை வைத்தார். போனது. திட்டின் மேலேயே ஓட்டினார், திட்டு மறைந்தது. பத்து நிமிஷம் ஆனதும் உருளையை வைத்துவிட்டு, குனிந்து, கையைத் தொங்கவிட்டு ஆட்டினார்.

"மாமா, யாருக்கு மணியாட்டுற?"

"உன் ஆத்தாவுக்கு."

கீழே சிரிப்பு. அவர் சிரிக்கவில்லை. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை இந்தக் கூத்தா என்று அவருக்கே கேவலமாக இருந்தது. ஒரு நாள் வேலையில் பாதிகூட ஆகவில்லை. பெயிண்டு தெறித்து இமையில் ஒட்டியது, மூக்குத்துளையில் ஏறியது, உதட்டில் விழுந்து நாக்குக்குப் போனது. துப்பினார். முப்பது வருஷத்தில் முகத்தில் இவ்வளவு பெயிண்டு வாங்கியதில்லை.

சாயங்காலம் இறங்கியபோது அவர் மூஞ்சி சுவர் மாதிரி இருந்தது. மச்சினன் அண்ணாந்து பார்த்தான். ஒரு கட்டம் முடிந்திருந்தது. வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தும் ஒரு கோடுகூடத் தெரியவில்லை.

"இப்படிப் போனா மத்தவன் ஒரு வாரத்துல முடிக்கிறதை நீ ரெண்டு வாரத்துல முடிப்ப" என்றான்.

"ஆமா."

"தோள் எப்படி இருக்கு?"

"வலிக்குது. அரை மணி நேரம் கழிச்சுக் கேளு."

மச்சினனுக்கு அது புரியவில்லை. வாளியின் மேல் உட்கார்ந்து, கையை மடியில் போட்டுக்கொண்டு, சுவர்க்கடிகாரம் இல்லாத கூடத்தில் சீலிங்காரர் காத்திருந்தார். எதிரில் உட்கார்ந்து அவனும் காத்திருந்தான். தின்னரில் நனைத்த துணியால் முகத்தைத் துடைத்தார், எரிந்தது, கெட்ட வார்த்தை சொன்னார். தோளை ஒரு தடவை சுற்றினார். இன்னொரு தடவை.

"ம்?" என்றான் மச்சினன்.

"வலி எறங்கிடுச்சு" என்றார். "நாளைக்கு ரெண்டாவது கட்டத்துக்குச் சாரத்தை நகர்த்தி வை. உயரத்தைக் கொறைச்சிடாத."